பழைய ஸ்மார்ட் டி.வி.யில் வீடியோ நின்று நின்று ஓடினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல வீடுகளின் கூடத்தில் இன்று இருக்கும் ஸ்மார்ட் டி.வி., ஆறேழு ஆண்டுகளுக்கு முன் வாங்கியதாகவோ, ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் தங்களுக்குப் புதிதாக ஒன்று வாங்கியபோது ஊருக்குக் கொண்டுவந்து கொடுத்த பழையதாகவோ இருக்கிறது. அதன் திரையில் குறை இல்லை, ஒலியும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டாலோ, இரவில் குடும்பமாக உட்கார்ந்து ஒரு படம் பார்க்கத் தொடங்கினாலோ, அது நின்று நின்று ஓடுகிறது. கடையில் கேட்டால் புதிய டி.வி. வாங்கச் சொல்கிறார்கள், இணைய இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்டால் அதிக வேகத் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். இரண்டில் எதற்கும் பணம் செலவழிக்கும் முன், குறை எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிட முடியும். தடுமாறும் விதத்திலேயே அதற்கான விடை இருக்கிறது.

கீழே அறிகுறி வாரியாக வழிகளைத் தந்திருக்கிறேன். உங்கள் டி.வி.யில் தெரியும் அறிகுறிக்கு உரிய பகுதியை மட்டும் படித்தால் போதும். முதல் சோதனையை மட்டும் யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம். மற்றவை எல்லாம் அதன் முடிவைப் பொறுத்தே அமைகின்றன.

முதல் சோதனை: ஒலியைக் கவனியுங்கள்

வீடியோ தடுமாறும் நேரத்தில் படத்தை விட்டுவிட்டு ஒலியைக் கவனியுங்கள். படமும் ஒலியும் ஒன்றாக நின்று, நடுவில் வட்டம் சுற்றி, பிறகு இரண்டும் சேர்ந்தே தொடர்ந்தால், டி.வி.க்கு வேண்டிய தரவு நேரத்துக்கு வந்து சேரவில்லை. குறை இணைப்பில் இருக்கிறது. பேச்சும் பாட்டும் பிசிறில்லாமல் வந்துகொண்டிருக்க, படம் மட்டும் வெட்டி வெட்டி நகர்ந்தால், தரவு வந்துவிட்டது, அதைப் பிரித்துப் படமாக்கும் வேலையில் டி.வி.யின் பிராசஸர் பின்தங்குகிறது. வீடியோ ஓடத் தொடங்கியபின் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் ரிமோட்டை அழுத்தினால் மெனு நகர்வதற்கே நேரமாகிறது என்றால், உள்ளே இருக்கும் சேமிப்பிடமும் நினைவகமும் நிரம்பித் திணறுகின்றன.

இந்த மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. பிராசஸர் பின்தங்கும் டி.வி.க்கு எவ்வளவு வேகமான இணைப்பைக் கொடுத்தாலும் பயன் இல்லை. வைஃபை எட்டாத அறையில் புதிய டி.வி. வாங்கி மாட்டினாலும் அதே வட்டம்தான் சுற்றும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் பகுதியில் பலர் இதை வோல்டேஜ் குறைவு என்று எண்ணி ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள். இன்றைய எல்.இ.டி. டி.வி.கள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை இயங்கும்படி செய்யப்பட்டவை. பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் இந்த எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். மின்னழுத்தம் திடீரென எகிறும் ஊரில் கருவியைப் பாதுகாக்க ஸ்டெபிலைசர் தேவைப்படலாம். வீடியோ நிற்பதை அது சரிசெய்யாது.

படமும் ஒலியும் சேர்ந்து நின்று, வட்டம் சுற்றினால்

இணையத்தில் வரும் வீடியோவை டி.வி. வந்த உடனே காட்டிவிடுவதில்லை. சில விநாடிகளுக்கான காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, அந்தக் கையிருப்பிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. ஒகேனக்கல் குடிநீர் வரும் நேரத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டு, வராத நேரத்தில் தொட்டித் தண்ணீரைப் புழங்குவது போன்ற ஏற்பாடு இது. உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகமானால் கையிருப்பு தீர்ந்துபோகும். தீர்ந்த நொடியில் வட்டம் தோன்றும்.

இந்தக் கையிருப்பைக் கண்ணால் பார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. யூடியூபில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது, அமைப்புகளுக்கான சக்கரக் குறியைத் திறந்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதை இயக்கினால், திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு கட்டம் வரும். அதில் ‘பஃபர் ஹெல்த்’ என்ற வரி, எத்தனை விநாடிக்கான காட்சி கையிருப்பில் இருக்கிறது என்று காட்டுகிறது. சில நிமிடங்கள் அதை மட்டும் பாருங்கள். எண் 20, 30 என்று நிலையாக நின்றால் இணைப்பில் குறை இல்லை. அது 20, 12, 5 என்று படிப்படியாக இறங்கி, பூஜ்யத்தை நெருங்கியதும் வட்டம் சுற்றினால், ஐயத்துக்கு இடமில்லாமல் இணைப்புதான் காரணம்.

எவ்வளவு வேகம் தேவை என்று பார்த்தால், பலரும் நினைப்பதைவிட அது மிகக் குறைவு. யூடியூப் தரும் அளவுகளின்படி 720பி தரத்துக்கு (720, 1080 என்பவை படத்தில் மேலிருந்து கீழாக உள்ள புள்ளிவரிகளின் எண்ணிக்கை) 2.5 எம்.பி.பி.எஸ். (ஒரு விநாடிக்கு வரும் தரவின் அளவு, மெகாபிட்டில்), 1080பி தரத்துக்கு 5 எம்.பி.பி.எஸ்., 4கே தரத்துக்கு 20 எம்.பி.பி.எஸ். போதும். நெட்ஃபிளிக்ஸ் இவற்றுக்கு முறையே 3, 5, 15 என்று பரிந்துரைக்கிறது. ஆகவே 30 அல்லது 40 எம்.பி.பி.எஸ். திட்டம் இருக்கும் வீட்டில் முழு எச்.டி. வீடியோ நிற்பதற்கு, திட்டத்தின் வேகம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் பணம் கட்டும் வேகம் மோடம் வரை வருகிறது, மோடத்திலிருந்து டி.வி. வரை அதில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி.

அதை அறிய ஒரு கைபேசி போதும். முதலில் மோடத்தின் அருகே நின்று, கைபேசியை அதே வைஃபையில் இணைத்து, நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் வேகத்தைப் பாருங்கள். பிறகு டி.வி.யின் முன்னால், அதன் உயரத்திலேயே கைபேசியைப் பிடித்துக்கொண்டு மீண்டும் பாருங்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இன்றைய மோடங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகின்றன. புதிய கைபேசி 5 கிகாஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு நல்ல வேகத்தைக் காட்டும், பழைய டி.வி.கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். எனவே கைபேசியை 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணைத்துச் சோதித்தால்தான் டி.வி. உண்மையில் எதைப் பெறுகிறது என்பது தெரியவரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். கேபிள்காரரிடம் சொன்னால் அவரே செய்து தருவார்.

இரண்டு இடத்திலும் வேகம் குறைவாக இருந்தால் குறை வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கிறது. மோடத்தின் அருகே நன்றாக இருந்து, டி.வி.யின் முன்னால் விழுந்துவிட்டால் குறை வீட்டுக்குள் இருக்கும் வைஃபையில் இருக்கிறது. நம் மாவட்டங்களில் இரண்டாவதுதான் மிக அதிகம், அதற்குக் காரணமும் உண்டு. ஃபைபர் கம்பி தெருவிலிருந்து நுழையும் முன்னறையிலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், டி.வி.யோ உள்ளே கூடத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது சுவர். காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்புக்குள் இருக்கும் ஒரு பழைய வீட்டில் இதை மிகத் தெளிவாகப் பார்த்தேன். முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒன்றரை அடிக் கருங்கல் சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ, அதன் பக்கத்தில் டி.வி. மோடத்தின் அருகே 40 எம்.பி.பி.எஸ். காட்டிய அதே கைபேசி, டி.வி.யின் முன்னால் 2-ஐத் தாண்டவில்லை. அந்த வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். திட்டம் எடுத்திருந்தாலும் கல்லைக் கடந்து அது வந்திருக்காது.

இதற்கு என் முதல் பரிந்துரை, எப்போதும், மோடத்தையும் டி.வி.யையும் நேரடியாக இணைக்கும் லேன் கேபிள்தான். பழைய ஸ்மார்ட் டி.வி.களில் பெரும்பாலானவற்றின் பின்புறம் லேன் பொருத்துமிடம் இருக்கிறது. அது 100 எம்.பி.பி.எஸ். வரை மட்டுமே தரும் வகையாக இருந்தாலும், 4கே வீடியோவுக்கே 20 போதும் என்பதால் அதில் குறை ஒன்றும் இல்லை. கேட் 5இ அல்லது கேட் 6 வகைக் கேபிளை 100 மீட்டர் வரை இழுக்கலாம். வீட்டுக்குத் தேவையான 15, 20 மீட்டர் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஜன்னல் வழியாகவோ பரண் மேலாகவோ கொண்டுவந்து, கதவிடுக்கில் நசுங்காமல் பார்த்துக்கொண்டால், பிறகு அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. மேலே சொன்ன தோப்பு வீட்டிலும் ஜன்னல் கம்பியின் ஓரமாக இழுத்த ஒரு கேபிள்தான் வட்டத்தை நிறுத்தியது.

கேபிள் இழுக்க முடியாத வீட்டில் மோடத்தை இடம் மாற்ற வேண்டும். பீரோவின் பின்னாலும், டி.வி.யின் பின்னாலும், மரப்பெட்டிக்குள்ளும் வைக்காமல், ஆள் உயரத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். கல் சுவர் குறுக்கே இருந்தால், கதவு நிலைக்கு நேராக வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அலை அந்தத் திறப்பு வழியாகத்தான் நன்றாகப் போகும். டி.வி. 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்கக் கூடியதாகவும் மோடம் அதே அறையிலும் இருந்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். நடுவில் ஒரு சுவருக்கு மேல் இருந்தால் 2.4 நல்லது, அதுதான் சுவரைக் கடந்து அதிக தூரம் போகும். ஓசூர் போன்ற நெருக்கமான குடியிருப்பில் அக்கம்பக்கத்து வைஃபைகள் எல்லாம் 2.4-இல் மோதிக்கொள்ளும் என்பதால், மோடத்தின் அமைப்பில் சேனலை (அலைவரிசைக்குள் இருக்கும் சிறு பிரிவை)த் தானியங்கியாக விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை மாற்றி மாற்றிப் பாருங்கள்; ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் இந்த மூன்றுதான். டி.வி.க்கு 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே கண்ணில் படவில்லை என்றால், 5-இன் சேனலை 36 முதல் 48 வரையில் உள்ள ஒன்றாக மாற்றிப் பாருங்கள். புதிய மோடம் வந்தபின் பழைய டி.வி. இணையவே மறுத்தால், பாதுகாப்பு முறையை டபிள்யு.பி.ஏ.3-இலிருந்து டபிள்யு.பி.ஏ.2-க்கு மாற்றினால் பெரும்பாலும் இணைந்துவிடும்.

மோடத்தின் அருகிலேயே வேகம் விழுந்திருந்தால், அது இரவு எட்டு மணி முதல் பத்தரை வரை மட்டும் விழுகிறதா, நாள் முழுதும் விழுந்திருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். இரவில் மட்டும் என்றால் உங்கள் பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் வரும் நெரிசல். காலை வேகத்தையும் இரவு வேகத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு சேவை தருபவரிடம் புகார் கொடுங்கள், வாய்ச்சொல்லைவிட அதற்கு மதிப்பு அதிகம். நாள் முழுதும் என்றால் ஃபைபரைப் பார்க்க வேண்டும். மின்கம்பம் வழியாகத் தோப்புக்குள் வரும் ஃபைபர், தென்னை மட்டை விழுந்தோ டிராக்டரில் மாட்டியோ மடங்கியிருந்தால், அறுபடாமலேயே ஒளி வலுவிழந்து வரும். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில், வந்துசேரும் ஒளியின் வலுவைக் காட்டும் ஆர்.எக்ஸ். பவர் என்ற எண் இருக்கும். அது மைனஸ் 27-ஐ நெருங்கியோ அதற்கும் கீழேயோ இருந்தால், மடிப்பை எடுத்துக் கம்பியைப் புதிதாக ஒட்டித் தரும்படி கேளுங்கள். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவே இல்லை. அது வேறு கதை.

கைபேசி ஹாட்ஸ்பாட்டில் பார்க்கும்போது திடீரென நின்றால்

அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் பல வீடுகளுக்குக் கைபேசி ஹாட்ஸ்பாட்தான் இணைப்பு. முதல் அரைமணி, ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு எந்தத் தரத்திலும் ஓடாமல் அடியோடு நின்றுவிட்டால், அன்றைய தரவு அளவு முடிந்துவிட்டது என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. அல்லது 2 ஜி.பி. தரும் திட்டங்களில், அந்த அளவு தீர்ந்தபின் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகக் குறைக்கப்படுகிறது, அதில் வீடியோ ஓடாது. நெட்ஃபிளிக்ஸ் கணக்கின்படி எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரையும், சாதாரணத் தரத்தில் 1 ஜி.பி. வரையும் செலவாகிறது. ஆகவே நாள் கணக்குத் திட்டத்தில் முழுப்படம் பார்க்க விரும்பினால், தொடங்கும்போதே தரத்தை 480பி ஆகத் தேர்ந்துவிடுவதைத் தவிர வழி இல்லை.

டி.வி.யின் பட்டியலில் ஹாட்ஸ்பாட் பெயரே வரவில்லை என்றால், கைபேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளாமல், சிக்னல் அதிகம் கிடைக்கும் ஜன்னல் ஓரத்தில் சார்ஜரில் போட்டு வைத்து, பேட்டரி சேமிப்பு முறையை நிறுத்திவிடுங்கள்.

ஒலி தடையின்றி வர, படம் மட்டும் வெட்டி வெட்டி ஓடினால்

இது பிராசஸரின் திணறல். மேலே சொன்ன அதே கட்டத்தில், ‘ஃபிரேம்ஸ்’ என்ற வரியில் எத்தனை சட்டகங்கள் (அடுத்தடுத்து வந்து வீடியோவாகும் தனித்தனிப் படங்கள்) காட்டப்படாமல் கைவிடப்பட்டன என்பது ‘டிராப்டு’ என்ற சொல்லோடு இருக்கும். தொடக்கத்தில் ஒன்றிரண்டு விழுவது இயல்பு. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த எண் விடாமல் ஏறிக்கொண்டே போனால், டி.வி. தன்னால் முடியாத வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. செய்ய வேண்டியது அந்த வேலையைக் குறைப்பதுதான்.

முதலில் உங்கள் திரையின் உண்மையான அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். வீடுகளில் அதிகம் இருக்கும் 32 அங்குல டி.வி.களில், எச்.டி. ரெடி என்று விற்கப்பட்டவற்றின் திரையில் 1366 குறுக்குப் புள்ளிகளும் 768 நெடுக்குப் புள்ளிகளும் மட்டுமே இருக்கின்றன. அதில் 1080பி வீடியோவைத் தேர்ந்தெடுத்தால், டி.வி. பெரிய படத்தைப் பிரித்து, பிறகு அதைச் சுருக்கி, கடைசியில் கிட்டத்தட்ட 720பி அளவிலேயே காட்டுகிறது. தரத்தை 720பி ஆக மாற்றினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பிராசஸரின் சுமை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பழைய டி.வி. வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் நான் சொல்லும் முதல் மாற்றம் இதுதான். இதற்குக் காசு தேவையில்லை, ஒரு நிமிட வேலை.

தரத்தின் பெயரோடு 60 என்ற எண் சேர்ந்திருந்தால், ஒரு விநாடிக்கு 60 சட்டகங்கள் கொண்ட வீடியோ அது. திரைப்படம் 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது. ஆகவே அதே 1080பி படம் சிரமமில்லாமல் ஓடும் டி.வி.யில், விளையாட்டுக் காட்சியும் புதிய கைபேசியில் எடுத்த காட்சியும் தடுமாறுவதில் வியப்பில்லை. 60 இல்லாத தரத்தைத் தேர்ந்தெடுங்கள். யூடியூபின் 4கே வீடியோக்கள் விபி9 அல்லது ஏவி1 என்ற முறையில் சுருக்கப்பட்டு வருகின்றன. ஏவி1 2018-இல் வெளிவந்தது. அதற்கு முன் செய்யப்பட்ட டி.வி.யில் அதைப் பிரிப்பதற்கான தனிப் பகுதி இருக்காது.

தொடக்கத்தில் ஒழுங்காக ஓடி, அரைமணி நேரத்துக்குப் பின் படம் வெட்டத் தொடங்கினால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். சூடேறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் சிமென்ட் ஷீட் கூரையின் கீழ், சுவரோடு ஒட்டி மாட்டிய டி.வி.யில் இதை அடிக்கடி பார்க்கலாம். பின்புறம் நான்கு விரல் இடைவெளியாவது காற்றுப் போக இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கத் துளைகளில் படிந்த தூசியை உலர்ந்த தூரிகையால் துடைத்துவிடுங்கள். உறையை நீங்களே கழற்ற வேண்டாம், அணைத்த பின்னும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும்.

பென் டிரைவில் போட்ட கல்யாண வீடியோ மட்டும் தடுமாறினால்

யூடியூப் நன்றாக ஓடும் டி.வி.யில், ஸ்டூடியோக்காரர் கொடுத்த கல்யாண வீடியோ மட்டும் நாதஸ்வரம் ஒழுங்காகக் கேட்க, தாலி கட்டும் காட்சி படம் படமாகத் தாவினால், வீட்டில் எல்லாருக்கும் அது பெரிய ஏமாற்றம்தான். பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பக் கொண்டுபோவார்கள். அங்கே கணினியில் போட்டால் நன்றாக ஓடும். வீட்டில் தடுமாறியதும் உண்மை, அங்கே ஓடியதும் உண்மை.

இப்போதைய கல்யாண வீடியோக்கள் பல, 4கே அளவில் எச்.265 என்ற சுருக்க முறையில் தரப்படுகின்றன. இந்த முறைக்கான தரநிலை 2013-இல் வெளிவந்தது, டி.வி.களில் பரவலாக வந்து சேர அதற்குப் பிறகும் காலம் ஆயிற்று. அதற்கு முந்தைய எச்.264 முறையைத்தான் பழைய டி.வி. எளிதாகப் பிரிக்கும். எனவே ஸ்டூடியோவில் ‘1080பி, எச்.264, எம்.பி.4 கோப்பாக இன்னொரு பிரதி வேண்டும்’ என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். மூலப் பிரதியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நாளை புதிய டி.வி. வரும்போது அது பயன்படும். வீட்டில் கணினி இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். கோப்பு பெரியதாக இருந்தால் இரவு முழுவதும்கூட ஆகும்.

கோப்பு சரியாக இருந்தும் தடுமாறினால் பென் டிரைவை மாற்றிப் பாருங்கள்; மிக மலிவானவை படிக்கும் வேகத்தில் பின்தங்கும். ஒரே வீடியோ 4 ஜி.பி.யைத் தாண்டினால், ஃபேட்32 முறையில் (கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஒரு முறை) வடிவமைத்த பென் டிரைவில் அது ஏறவே ஏறாது, உங்கள் டி.வி. ஏற்கும் வேறு முறையில், பெரும்பாலும் என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ஃபேட்டில், வடிவமைக்க வேண்டும். ஹார்டு டிஸ்க் மாட்டும்போது ‘டிக் டிக்’ என்று கேட்டு இணைப்பு விட்டு விட்டு வந்தால், அதற்கு மின்சாரம் போதவில்லை. யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். பின்புறத் துளைகளில் எச்.டி.டி. என்று எழுதியது இருந்தால் அதில் மாட்டுங்கள். படம் வந்து ஒலி மட்டும் வரவில்லை என்றால், கோப்பில் இருக்கும் டி.டி.எஸ். போன்ற ஒலிமுறையை டி.வி. ஏற்கவில்லை, ஏ.ஏ.சி. ஒலியோடு மாற்றினால் சரியாகும்.

மெனுவே நகராமல் இழுத்தால்

பழைய ஆண்ட்ராய்டு டி.வி.கள் பலவற்றில் 8 ஜி.பி. சேமிப்பிடமும் 1 அல்லது 1.5 ஜி.பி. நினைவகமும்தான் உண்டு. 8 ஜி.பி.யில் பெரும்பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. மீதமுள்ள இடத்தில் யாரோ ஒருமுறை இறக்கிய விளையாட்டுகளும், சந்தா முடிந்துபோன செயலிகளும் உட்கார்ந்திருக்கும்.

முதல் வேலை, டி.வி.யை உண்மையாகவே அணைப்பது. ரிமோட்டில் அணைத்தால் அது உறக்க நிலைக்குத்தான் போகிறது. மாதக் கணக்கில் ஒருமுறைகூட முழுதாக அணையாத டி.வி.கள் உண்டு. சுவர் சுவிட்சை அணைத்து இரண்டு நிமிடம் விட்டுப் போடுங்கள். எல்.ஜி. டி.வி.யில் ‘குயிக் ஸ்டார்ட் பிளஸ்’ என்ற அமைப்பை நிறுத்திவையுங்கள். சாம்சங் டி.வி.யில் ரிமோட்டின் பவர் பொத்தானை, டி.வி. அணைந்து தானே மீண்டும் எழும் வரை அழுத்திப் பிடித்தாலும் போதும்.

அடுத்து, அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குப் போய், பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள். பயன்படுத்தும் செயலிகளில், தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் ‘கிளியர் கேச்’ என்பதை மட்டும் அழுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் ‘கிளியர் டேட்டா’வை அழுத்தினால் உங்கள் கணக்கு வெளியேறிவிடும், மீண்டும் கடவுச்சொல் கொடுக்க வேண்டியிருக்கும். முகப்புத் திரையில் தானே ஓடும் முன்னோட்டக் காட்சிகளையும் பரிந்துரை வரிசைகளையும் நிறுத்த வழி இருந்தால் நிறுத்திவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இழுத்தால் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாம். வைஃபை, கணக்குகள் ஆகியவற்றின் கடவுச்சொற்களைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகே அதைச் செய்யுங்கள். கணக்கு ஊரில் இல்லாத மகனுடைய கைபேசி எண்ணில் இருந்தால், அவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஒரு செயலி மட்டும் திறக்கவில்லை என்றால்

தேதியையும் நேரத்தையும் பாருங்கள். அவை தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு எதுவும் ஏற்படாது. நேரம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் செயலியையும் டி.வி.யின் மென்பொருளையும் புதுப்பியுங்கள். பல இணையதளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் (தளம் உண்மையானதுதான் என்று கருவிக்கு உறுதிசெய்யும் மின்னணுச் சான்று) 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல அதன்பின் சில சேவைகளோடு இணைய முடியாமல் போயின. 2012-க்கும் அதற்கு முன்பும் வந்த டி.வி.களில் பழைய யூடியூப் செயலி 2015-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இப்படி ஆதரவு முடிந்துபோன டி.வி.க்குக் கடைசிப் பகுதிதான் வழி.

எந்தப் படத்திலும் ஒரே சீராகக் குலுங்கினால்

கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் மட்டும், எப்போதும் ஒரே சீரான குலுக்கல் தெரிந்தால், அது இணைப்பும் இல்லை, பிராசஸரும் இல்லை. 24 சட்டகப் படத்தை, ஒரு விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் பொருத்தும்போது, ஒரு சட்டகம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுவதால் வருவது அது. எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்ற பெயர்களில் இருக்கும் அமைப்பைக் குறைந்த அளவில் வைத்துப் பாருங்கள். கேபிள் பெட்டியிலோ டிஷ்ஷிலோ படம் கட்டம் கட்டமாக உடைந்தால், அது சிக்னல் குறை. இந்தக் கட்டுரையின் எந்த வழியும் அதற்குப் பொருந்தாது.

உதட்டசைவுக்குப் பின்னால் ஒலி வந்தால், புளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றிக் கம்பி வழியாக இணையுங்கள், அல்லது ஒலி அமைப்பில் பி.சி.எம். (சுருக்கப்படாத ஒலிமுறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எதுவும் உதவாதபோது: ஸ்டிக்

திரை நன்றாக இருந்து, உள்ளே இருக்கும் ஸ்மார்ட் பகுதி மட்டும் மூப்படைந்திருந்தால், டி.வி.யை மாற்ற வேண்டியதில்லை. எச்.டி.எம்.ஐ. துளையில் மாட்டும் ஸ்டிக் ஒன்று போதும். பிரித்துப் படமாக்கும் வேலை முழுவதையும் ஸ்டிக்கே செய்துகொள்வதால், டி.வி. வெறும் திரையாக மட்டும் இருந்தால் போதும். வாங்கும்போது உங்கள் டி.வி. முழு எச்.டி.யா 4கேயா என்று பார்த்து அதற்கேற்ற வகையை எடுங்கள். 32 அங்குல எச்.டி. ரெடி டி.வி.க்கு 4கே ஸ்டிக் தேவையே இல்லை. 4கே டி.வி.யிலும், எச்.டி.சி.பி. 2.2 (நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு முறை) என்று குறித்த துளையில் மாட்டினால்தான் கட்டணச் சேவைகள் 4கேயில் வரும்.

மாட்டும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஸ்டிக்கின் மின் இணைப்பை டி.வி.யின் யு.எஸ்.பி. துளையில் கொடுக்காமல், அதோடு வந்த அடாப்டரைச் சுவர்ச் சுவிட்சில் மாட்டுங்கள்; டி.வி. தரும் 500 மில்லி ஆம்பியர் போதாமல் ஸ்டிக் நடுவில் தானே அணைந்து அணைந்து எழும், அதைப் பலர் ஸ்டிக்கின் குறை என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பெட்டிக்குள் குட்டை எச்.டி.எம்.ஐ. நீட்டிப்பு இருந்தால் அதை எறிந்துவிடாமல் பயன்படுத்துங்கள். டி.வி.யின் பின்னால் ஒட்டி இருக்கும் ஸ்டிக்குக்கு வைஃபை குறைவாகத்தான் கிடைக்கும். நீட்டிப்பால் அது ஓரத்துக்கு வந்துவிடும். அதன் பிறகும் வட்டம் சுற்றினால், ஸ்டிக்கில் 720பி தரத்தை வைத்துக்கொண்டு, மோடத்துக்கும் டி.வி.க்கும் நடுவில் இருக்கும் சுவரிலிருந்து சோதனையை மீண்டும் தொடங்குங்கள்.